ஒரு பக்கம் மட்டும் பாடிய ட்யூனர்

ப்ளக்கைச் சொருகியதும் முதலில் மணம்தான் வந்தது. வருஷக்கணக்காகப் படிந்த தூசி சூடேறும்போது வருமே, ஈரத்துணிமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்த மாதிரி, அந்த மணம். அப்புறம்தான் டயல் விளக்கு மஞ்சளாக எரிந்தது. நம் பெண் கழக்கூட்டத்து ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்து உங்கள் சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இந்த ட்யூனர் இன்னும் வேலை செய்யறது, வந்து பாரேன்!" என்று கூப்பிட்டாள். என் வலப்பக்கமாக வந்து நின்றுதான் கூப்பிட்டாள். சின்ன வயசிலிருந்தே அவளுக்கு அது பழக்கம். அம்மாவின் இடது காது ஜுரத்தில் போனது என்று நாம் இருவரும் சேர்ந்து அவளுக்குச் சொல்லி வைத்திருந்தோமே, அதை இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

கல்யாணமான புதிதில் நீங்கள் ஆபீஸ் வேலையாகக் கோட்டயத்தில் கொஞ்ச நாள் இருந்தீர்கள். அப்போது எழுதிய கடிதங்களை அநேக கோடி நமஸ்காரம் போட்டுத்தான் ஆரம்பித்தேன். அதுதான் முறை என்று அம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். இந்தக் கடிதத்தில் நமஸ்காரம் போடவில்லை. போடாததற்கு இனி என்ன செய்துவிடுவீர்கள்?

உங்கள் காரியமெல்லாம் குறைவில்லாமல் நடந்தது. தெருவே வந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். ஈ எறும்புக்குக்கூடத் துரோகம் நினைக்காதவர் என்றார்கள். மாமியைக் கண்ணில் வைத்துத் தாங்கினார், எங்கே போனாலும் வலப்பக்கம் ஒட்டிக்கொண்டே நடப்பார், அப்படி ஒரு அன்னியோன்னியம் என்றார்கள். நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று கத்தியிருந்தால், பாவம், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று தண்ணீர் கொடுத்திருப்பார்கள். ஆகையால் உங்களிடமே சொல்கிறேன். நடந்தது தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான்.

அந்த ஹைஃபை செட் ஞாபகம் இருக்கிறதா என்று உங்களிடம் கேட்கவே வேண்டாம். உங்கள் அத்தை பிள்ளை மஸ்கட்டிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தான். முதலில் ஆம்ப்ளிஃபையர், அடுத்த தடவை கேசட் டெக், அதற்கடுத்த தடவை என் இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். கண்ணாடிக் கதவு போட்ட மர ராக் ஒன்றைச் செய்யச் சொல்லி உச்சிப் பலகையில் ஆம்ப்ளிஃபையரும் உள்ளே மற்றதுமாக அடுக்கினீர்கள். ஒரு தட்டு மட்டும் காலி. அது ட்யூனருக்கு, ரேடியோ பிடிக்கிற பெட்டிக்கு. நம் தெருவில் அப்போது பாதி வீட்டில் ஒழுங்கான மிக்ஸி கிடையாது. கோயிலுக்குப் போகிற வழியில் ஆட்கள் நம் வாசலில் நின்று கச்சேரி கேட்டுவிட்டுப் போவார்கள். உங்களுக்கு அதில் எத்தனை பெருமை!

உங்களுக்குச் சுருதி தெரியாது. அதை நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். ஸ்பீக்கரை எங்கே வைத்தால் நாதம் நன்றாக வரும், எந்த டேப் இழுக்கிறது, எதில் இரைச்சல் அதிகம், எல்லாம் நான் சொல்லித்தான். பதினாறு வயது வரைக்கும் பாட்டுக் கற்றுக்கொண்டவள் நான். வருகிற ஆட்களிடமெல்லாம் சொல்வீர்கள்: "எங்காத்துக்காரியோட காது இருக்கே, அது பொன் தராசாக்கும்." இன்னொன்றும் சொல்வீர்கள்: "கேக்கறது அவ வேலை, வாங்கறது என் வேலை." என்னிடம் வேறு எதையும் நீங்கள் புகழ்ந்ததில்லை. சமையலை ஒருநாளும் புகழ்ந்ததில்லை. நான் அழகாக இருக்கிறேன் என்று சொன்னதில்லை. காதைத்தான் புகழ்ந்தீர்கள், அந்தக் காதிலேயே அடித்தீர்கள்.

அடிக்குமுன் வாட்சைக் கழற்றுவீர்கள். ஸ்டீல் ஸ்ட்ராப். கொக்கி விடுபடும்போது 'க்ளிக்' என்று ஒரு சத்தம். கழற்றி ஆம்ப்ளிஃபையர்மேல் வைப்பீர்கள், பிறகு வால்யூமைக் கூட்டுவீர்கள். நம் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர் அல்லவா? மதுரமான ஆலாபனை ஓடிக்கொண்டிருக்கும், அதற்குள் என் சத்தம் அமுங்கிவிடும். உப்பு கூடிவிட்டது, சட்டைப் பொத்தான் போய்விட்டது, ஆபீசில் மேலதிகாரி ஏதோ சொல்லிவிட்டான், காரணம் எதுவாகவும் இருக்கலாம். மறுநாள் கோலம் போடும்போது அடுத்தாத்து மாமி கேட்பாள்: "என்னடீ, நேத்து உங்காத்துல கச்சேரி பலமோ?" அவளுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். "ஆமா மாமி, புதுக் கேசட்" என்பேன். ஒருநாள் அவளே சமாதானமும் சொன்னாள்: "அடிக்கிற கைதான்டீ அணைக்கும்." எனக்கு அந்தக் கோலமாவுக் கிண்ணத்தை அவள் மூஞ்சியில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது.

அடித்து முடித்ததும் அழுவீர்கள். என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "நான் ஒரு மிருகம்" என்று அழுவீர்கள். உங்கள் அடியைவிட அந்த அழுகையைத்தான் நான் அதிகம் வெறுத்தேன். அடி வாங்கின நான் எழுந்து உங்கள் முகத்தைத் துடைத்து, சரி விடுங்கோ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதுவே அடுத்த தடவைக்குக் காரணமாகும்.

டெக்கில் டேப் சிக்கிக்கொண்ட நாள் ஒன்று உண்டு. பால் பொங்குகிறது என்று ஓடும்போது நான் தப்பான பொத்தானை அமுக்கிவிட்டேன். டேப்பைத் தின்றுவிட்டது. உங்களுக்கு ரொம்பப் பிடித்த கேசட் அது. நீங்கள் வலது கைக்காரர், எதிரே நின்று அறைந்தால் என் இடது பக்கம்தான். அதுவரை எத்தனையோ அறை விழுந்த அந்தக் காதுக்குள் அன்றைக்கு ஏதோ கிழிந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு பிரஷர் குக்கர் விசில் போல ஒன்று ஆரம்பித்து நிற்கவே இல்லை. தலையணையில் ரத்தமும் நீருமாக. அது ஆறுவதற்குள் இன்னொரு அறை, சீழ் வைத்தது. ஆறவே விடவில்லை நீங்கள். நாகர்கோவிலுக்குப் போய் அம்மாவிடம் காட்டினேன். பஞ்சைச் சுருட்டிக் காதில் வைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "கோபம் இருக்கற எடத்துலதான்டீ கொணம் இருக்கும். நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ." அந்தப் பஞ்சோடு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். கொஞ்ச நாளில் விசில் நின்றது. விசில் நின்றபோது கூடவே எல்லாம் நின்றுவிட்டது. இடது பக்கம் சுவர் எழுப்பின மாதிரி ஆகிவிட்டது.

உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுவீர்கள், அந்த அழுகையைத் துடைக்க என்னிடம் தெம்பு இல்லை. மீதி இருந்த வலது காதை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் அப்புறம் என் ஒரே யோசனை. அது ஒன்றாவது இருந்தால் பாட்டு இருக்கும், குழந்தையின் குரல் இருக்கும். அதுவும் போனால் நான் அந்த வீட்டில் ஒரு மேஜை நாற்காலி. இரவில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுப்பேன், செத்த காது கீழே, கேட்கிற காது மேலே. வாட்ச் கொக்கியின் 'க்ளிக்' தூக்கத்திலும் எனக்குக் கேட்க வேண்டும். வெளியே போனால் நீங்கள் என் வலப்பக்கம் வருகிற மாதிரி இடம் பார்த்து நிற்பேன், ஆட்டோவில் உங்களை முதலில் ஏறவிட்டு இடது ஓரமாக உட்காருவேன். கை ஓங்கும்போது மட்டும் இடது கன்னத்தைத் திருப்பிக் கொடுப்பேன். இந்தா, செத்ததையே அடித்துக்கொள் என்று. நீங்கள் அதைப் பணிவு என்று நினைத்தீர்கள்.

அப்படி இரண்டு வருஷம் போல ஓடியது. எண்பதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, பெண் பள்ளிக்கூடத்தில் ஏதோ நாட்டிய ஒத்திகைக்குப் போயிருந்தாள். நீங்கள் காலையிலேயே வெள்ளை வேட்டியும் சட்டையுமாகக் கிளம்பி நின்றீர்கள். சாலைக்கடை பஜார் பக்கத்துச் சந்தில் ஒரு கடையில் கல்ஃபுக்காரர்கள் விற்றுவிட்டுப் போன ட்யூனர்கள் வந்திருக்கின்றன என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "வா, காதைத் தீட்டிண்டு வா" என்றீர்கள். அன்றைக்கு உற்சாகமாக இருந்தீர்கள். வழியில் எனக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தீர்கள். இதையும் எழுதத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நான் பொய் சொன்னதாகிவிடும். நீங்கள் உற்சாகமாக இருந்த நாட்களில் உங்களோடு நடப்பது எனக்குப் பிடிக்கும்.

ஊரில் எஃப்எம் நிலையமே கிடையாது என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. மெட்ராஸில் இருக்கிறது, நமக்கும் வந்துவிடும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழாய் வருமுன்னே வாளி வாங்கினவர்கள் நம் ஊரில் அநேகம் பேர். ட்யூனர் இல்லாத ராக், இடது பக்கத் தொப்பி இல்லாத மிருதங்கம் மாதிரி என்பீர்கள். எஃப்எம் வரும்வரை அதே பெட்டியில் மீடியம் வேவ் கேட்கலாம், நம் ஊர் நிலையம் அதில் துல்லியமாக வரும், அதுபோதும் என்றீர்கள்.

கடைக்காரர் மூன்று பெட்டிகளை மேஜைமேல் வைத்தார். ஒன்று பச்சை எண்கள் ஒளிர்கிறது, ஒன்று இரு பக்கமும் மரம் ஒட்டியது, மூன்றாவது வெள்ளி முகம், பெரிய டயல், பெரிய திருகு. லைப்ரரியில் வெளிநாட்டுப் பத்திரிகை பார்த்துப் படித்த சென்சிடிவிட்டி, செலக்டிவிட்டி எல்லாவற்றையும் அவரிடம் அவிழ்த்துவிட்டீர்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாமீ, அதெல்லாம் புத்தகத்தில். மாமி கேட்டு நோக்கட்டே, சாதனம் எதுன்னு அப்பத் தெரியும்" என்று ஹெட்ஃபோனை நீட்டினார். நீங்கள் அதை வாங்கி, உங்கள் கையாலேயே என் தலையில் மாட்டினீர்கள். பூ கசங்காமல் மெதுவாக மாட்டினீர்கள். காதில் உங்கள் விரல் பட்டதும் எனக்கு உடம்பு கூசியது.

முதல் பெட்டியில் குரல் தகரமாக இருந்தது. இரண்டாவதில் அடியில் ஒரு ரீங்காரம். மூன்றாவதின் திருகை உருட்டினேன். கனமாக, வழுக்கிக்கொண்டு ஓடிற்று. இரைச்சல் விலகி மத்தியானப் பாட்டு வந்தது. எவ்வளவு அருமையாக வந்தது! பாடுகிறவர் மூச்சை இழுப்பது கேட்டது, மிருதங்கத்தில் தொப்பியின் கும்கும் என் நெஞ்சில் விழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன். நல்ல கச்சேரி கேட்டு எத்தனை நாளாயிற்று! கச்சேரி என்றாலே எனக்குக் கன்னம் எரிய ஆரம்பித்திருந்த காலம் அது.

"ரெண்டு பக்கமும் வரதா?" என்று கேட்டீர்கள்.

எனக்கு ஒரு பக்கம்தான் வந்தது. எல்லாமே எனக்கு அப்போது ஒரு பக்கம்தான் வரும். பெட்டியில் இல்லையா, காதில் இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? "வரது" என்றேன்.

"நன்னாக் கேட்டுப் பறயணம். பின்னே பேச்சு மாத்தப்படாது" என்றீர்கள்.

"வரதுன்னா வரது. இதுதான் நன்னா இருக்கு."

வலது பக்கத்தைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பில் இன்றைக்கும் எனக்கு மாற்றம் இல்லை. கடைக்காரர் என்னை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தமாதிரி இருந்தது. பிறகு பெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டே, "வித்த சாதனம் திரிச்செடுக்கில்லா, திருப்பி வாங்கறதில்லை, சாமீ. அது ஆத்யமே சொல்லிட்டேன்" என்றார். "தேவையில்லை ஓய். கேட்டது யாராக்கும்?" என்று நீங்கள் மார்தட்டினீர்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட இல்லை. ட்யூனரை ராக்குக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் வைத்து ஒயரை மாட்டினீர்கள். பாட்டு வந்தது. நீங்கள் தலையைச் சாய்த்துக் கேட்டீர்கள், இடது ஸ்பீக்கரின் அருகில் குனிந்தீர்கள். கேசட்டைப் போட்டுப் பார்த்தீர்கள், இரண்டு ஸ்பீக்கரும் பாடின. மறுபடி ட்யூனர், இடது ஊமை. ஒயரை இடம் வலமாக மாற்றினீர்கள், இப்போது வலது ஊமை. அப்படியென்றால் ஸ்பீக்கரில் பழுதில்லை, பெட்டியில்தான் என்று உங்களுக்குப் புரிந்துவிட்டது. ஒயரைப் பழையபடி மாட்டிவிட்டு, ரெண்டு பக்கமும் வருகிறது என்று கடையில் சொன்ன என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் ராக்கின் முன்னால், கண்ணாடிக் கதவைத் துடைக்கிற சாக்கில் உட்கார்ந்திருந்தேன்.

வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தீர்கள். நடந்து போனீர்கள். காலடி என் பின்னால் போயிற்று, பிறகு இடது பக்கம் போய் மறைந்தது. நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். சட்டென்று கண்ணாடியில் பார்த்தேன். என் இடது தோளுக்கு மேலே உங்கள் முகம், காதுக்கு அவ்வளவு நெருக்கமாக. உங்கள் உதடு அசைந்துகொண்டிருந்தது. ரகசியம் போல ஏதோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள். என்ன சொன்னீர்கள் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை, நீங்கள் சொன்னதில்லை. திட்டாகவும் இருக்கலாம், என் பேராகவும் இருக்கலாம்.

நான் திரும்பவில்லை. அதுதான் உங்களுக்குப் பதில்.

எழுந்து நின்றபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஒரு கணம், ஒரே ஒரு கணம், நீங்கள் இடிந்துபோவீர்கள் என்று நினைத்தேன். ஐயோ, நானா இப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன். வந்தது வேறு.

"எத்தனை நாளா?" என்றீர்கள்.

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா என்னை முட்டாளாக்கிண்டிருக்கயா? ஊரெல்லாம் பொன் தராசுன்னு பறஞ்சுண்டு நடக்கறேன். செவிட்டு முண்டம் கேட்டுச் சொன்னதை நம்பி நான் சாதனம் வாங்கியிருக்கேன்!"

காது போனது உங்களுக்குப் பெரிதாகவே படவில்லை. உங்கள் மானம்தான் பெரிது. எனக்குள் என்னவோ அறுந்தது அப்போதுதான், அறை வாங்கின நாட்களில் இல்லை.

'க்ளிக்.' வாட்சைக் கழற்றி ஆம்ப்ளிஃபையர்மேல் வைத்தீர்கள். வால்யூமைத் திருகினீர்கள். ஒற்றை ஸ்பீக்கரிலிருந்து பாட்டு அலறியது. நான் பழக்கதோஷத்தில் இடது கன்னத்தைத் திருப்பினேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"அந்தப் பக்கம் என்னத்துக்கு? அந்தக் காதுக்குத்தான் கேக்காதே. இந்தக் காதுக்குக் கேக்கட்டும். திரும்புடீ. அந்தப் பக்கத்தைக் காட்டு."

உங்கள் வலது கை வாட்சின் பக்கத்தில், ஆம்ப்ளிஃபையர்மேல் ஊன்றியிருந்தது. நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். ஸ்டூல்மேல் இருந்த ட்யூனரை இரண்டு கையாலும் தூக்கினேன். ஒயர் பிய்த்துக்கொண்டு வந்தது, ஸ்பீக்கர் ஒரு தடவை 'டம்' என்று உறுமிவிட்டு அடங்கியது. அந்த இரும்புப் பெட்டியின் முனையை உங்கள் மணிக்கட்டின்மேல், தேங்காய் உடைக்கிற வேகத்தில் இறக்கினேன். எலும்பு முறிகிற சத்தம் என் வலது காதில் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. வாட்சின் கண்ணாடி பொடிப்பொடியாகத் தெறித்தது. மறுபடியும் தூக்கினேன். இரண்டாவது தடவை உங்கள் தலைக்கு நேராகத் தூக்கினேன். நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்து என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள். இத்தனை வருஷமும் நான் உங்களைப் பார்த்த பார்வை அது. அப்படியே ட்யூனரை ஸ்டூல்மேல் வைத்தேன். வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றேன், நகரவில்லை.

பாட்டு நின்றதுதான் தாமதம், வாசற்கதவை யாரோ தட்டினார்கள். அடுத்தாத்து மாமி. இத்தனை வருஷம் கச்சேரி பலமாக நடந்தபோதெல்லாம் வராதவள், நின்றதும் ஓடி வந்துவிட்டாள். "என்னடீ, பாதியிலே நின்னுடுத்து? கரண்ட் போச்சா?" என்று எட்டிப் பார்த்தவள், நீங்கள் தரையில் கிடப்பதைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வாயைத் திறக்குமுன் நீங்களே சொன்னீர்கள்: "ஒண்ணுமில்லை மாமி. படியிலே வழுக்கிடுத்து."

அது என் வாக்கியம். கண் வீங்கினபோதும் உதடு கிழிந்தபோதும் நான் அந்த மாமியிடம் சொன்ன வாக்கியம். அச்சுப் பிசகாமல் எடுத்துச் சொன்னீர்கள். எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மாமி என்னைப் பார்த்தாள், ஸ்டூல்மேல் இருந்த பெட்டியைப் பார்த்தாள், ஆட்டோ பிடிக்க ஆள் அனுப்பினாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் அணைக்கிற கையைப் பற்றிப் பேசியதே இல்லை.

பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் நீங்கள் முனகிக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்கள். கிழக்கேகோட்டை திரும்பும் இடத்தில் நான் சொன்னேன்: "கேட்டேளா, இந்தக் காது எனக்கு வேணும். இதுமேலே கை பட்டா, அடுத்தது உங்க தலையாக்கும்." ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீங்கள் மாவுக்கட்டை மடியோடு அணைத்துக்கொண்டீர்கள். கேட்டது என்று தெரிந்தது.

கட்டுப் பிரிக்கிற வரைக்கும் உங்களுக்கு நான்தான் சாதம் பிசைந்து ஊட்டினேன், வேட்டி கட்டிவிட்டேன். என்ன பதிபக்தி என்று தெரு மெச்சியது. எலும்பு கோணலாகத்தான் சேர்ந்தது. அந்தக் கையால் கையெழுத்துப் போடலாம், ஓங்க முடியாது. அன்றிலிருந்து கடைசி நாள் வரைக்கும் நீங்கள் என்மேல் கை வைக்கவில்லை. மாறியது உங்கள் மனமா, மணிக்கட்டா என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். நல்லது நடந்தால் போதும், காரணம் எதற்கு என்று பெரிய மனசு பண்ண என்னால் முடியவில்லை.

ட்யூனரை எவனுக்காவது கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்றீர்கள். இருக்கட்டும் என்றேன். நானே தூக்கி ராக்கின் காலித் தட்டில், நசுங்கின மூலை வெளியே தெரிகிற மாதிரி வைத்தேன். இடது பக்கத்தைப் பழுது பார்க்க மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்று ஒருநாள் கேட்டீர்கள், அதற்கும் வேண்டாம் என்றேன். தினமும் காலையில் நீங்கள் நியூஸ் கேட்கும்போது அந்த மூலை உங்கள் கண்ணில் பட வேண்டும். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

வருஷங்கள் கழித்து ஒரு வழியாக நம் ஊருக்கும் எஃப்எம் வந்தது. அதற்குள் ஊரில் யாரிடமும் ட்யூனர் கிடையாது, எல்லாரும் கையடக்க ரேடியோவில் கேட்டார்கள். நீங்கள் மட்டும் ஜன்னல் கம்பியில் ஏரியல் ஒயரைச் சுற்றி, கோணல் கையால் அந்தத் திருகை உருட்டி உருட்டிப் பிடித்தீர்கள். "வந்துடுத்து, வந்துடுத்து, இங்கே வா!" என்று குழந்தை மாதிரி கூப்பிட்டீர்கள். நான் வந்து உட்கார்ந்ததும் எழுந்து சுற்றிக்கொண்டு என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தீர்கள். கட்டுப் பிரித்த நாளிலிருந்து அப்படித்தான். முன்பெல்லாம் நான் இடம் பார்த்து உட்காருவேன், பிறகு நீங்கள் இடம் பார்த்து உட்கார்ந்தீர்கள். சற்று நேரம் கேட்டுவிட்டு, "ரெண்டு பக்கமும் வந்தா இன்னும் நன்னா இருந்திருக்கும், இல்லையா?" என்றீர்கள். "எனக்கு ஒண்ணுதானே" என்றேன். நீங்கள் அழ ஆரம்பித்தீர்கள். அந்தத் தடவை நான் உங்கள் முகத்தைத் துடைக்கவில்லை. நீங்களே துடைத்துக்கொண்டீர்கள், உங்களால் முடிந்தது.

அதைப் பிராயச்சித்தம் என்று நீங்கள் நினைத்திருந்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை அதுதான் உங்களால் முடிந்தது. நான் மன்னித்தேனா என்று கேட்டால், இல்லை. வெறுத்தேனா என்றால் எல்லா நாளும் இல்லை. உங்களுக்குப் பிடித்த வெந்தயக் குழம்பை இன்றைக்கும் வைத்தேன், என்னையறியாமல் இரண்டு பேருக்கு வைத்துவிட்டேன். வைத்துவிட்டு என்மேலேயே கோபம் வந்து, மீதியைக் கொட்டினேன்.

பெண் சாயங்காலம் கிளம்பிப் போகுமுன் கேட்டாள்: "அம்மா, ராக்கையும் ஸ்பீக்கரையும் ஒருத்தர் எடுத்துக்கறேன்னார். இந்த ஓட்டைப் பெட்டியையும் குடுத்துடட்டுமா? ஒரு சைடுதான் பாடறது." மற்றதையெல்லாம் கொடு, அதையும், அது பாட ஆம்ப்ளிஃபையரையும் ஒரு ஸ்பீக்கரையும் விட்டுவிடு என்றேன். மூலை எப்படி நசுங்கிற்று என்று கேட்டாள். ஒருநாள் அவளுக்குச் சொல்லத்தான் போகிறேன். ஜுரக் கதையை நீங்கள் இருக்கிற வரைக்கும் உங்களுக்காகக் காப்பாற்றினேன். இனி அவசியமில்லை.

மத்தியானம் அவள் கடைக்குப் போயிருந்தபோது ட்யூனரைப் பாடவிட்டுவிட்டு நான் கொஞ்சம் படுத்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வலப்பக்கம் ஒருக்களித்து, கேட்கிற காதைத் தலையணையில் அழுத்திப் படுத்துப் பார்த்தேன். பாட்டு போயிற்று, காக்கை போயிற்று, தெரு போயிற்று. எல்லாம் போய் அவ்வளவு அமைதி. என் வீட்டில், என் கட்டிலில், எதையும் காவல் காக்காமல் தூங்கலாம். கண் சொருகிக்கொண்டு வந்தது. அப்போது உடம்பு தானாகத் திடுக்கிட்டுப் புரண்டது. வலது காது மேலே வந்துவிட்டது, வாட்ச் கொக்கிச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு. மறுபடி புரண்டேன், மறுபடி அதுவே திருப்பிப் போட்டது. நாளைக்கும் படுத்துப் பார்ப்பேன். நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டது ஊருக்கெல்லாம் தெரியும். இந்தக் காதுக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.